பசறை மலையில் ஒரு முயல் வேட்டை

தலைப்பைக் கண்டு ஜீவகாருண்யமுள்ள வாசகர்கள் கலங்க வேண்டாம். இந்த வேட்டையில் முயலும் மனிதரே. துரத்திச் செல்லும் வேட்டை நாய்களும் மனிதரே. துப்பாக்கி இல்லை, கண்ணி இல்லை. வேண்டுவன எல்லாம் ஒரு பை மாவும், ஒரு சோடி ரப்பர்ச் சப்பாத்தும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதும் சிரிக்கத் தெரிந்த மனமுமே.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில், நண்பர்கள் பதினெட்டுப் பேராகப் பதுளையில் பஸ் ஏறிப் பசறை சென்று, தோட்டத்தாரின் அனுமதியுடன் இவ்விளையாட்டை நாம் ஆடிப் பார்த்தோம். நம்முள் ஆசிரியர் உண்டு, வங்கி ஊழியர் உண்டு, மாணவர் உண்டு, பேரன் பேத்தி கண்ட பெரியவர் ஒருவரும் உண்டு.

மலாயாவில் தோன்றிய சங்கம்

ஒருவர் முன்னே ஓடித் தடயம் இட்டுச் செல்ல, மற்றவர் அதைத் தேடி ஓடுவது இங்கிலாந்துப் பள்ளிகளின் பழைய விளையாட்டு. ரக்பி பள்ளி மாணவர் காகிதத் துண்டுகளைச் சிதறிக்கொண்டு ஓடியதைத் தாமஸ் ஹியூஸ் என்பார் 1857இல் வெளியிட்ட தம் நாவலில் விவரித்திருக்கிறார்.

அவ்விளையாட்டு பெரியவர்களின் சங்கமாக உலகெங்கும் பரவக் காரணமாயிருந்தது மலாயா. கோலாலம்பூரில் வாழ்ந்த ஆங்கிலேயர் சிலர், கணக்காளரான கிஸ்பர்ட் என்பவரின் தூண்டுதலால், 1938இல் ரப்பர்த் தோட்டங்களின் ஊடே வாரந்தோறும் ஓடத் தொடங்கினர். தாங்கள் உண்டு வந்த உணவுவிடுதியின் கேலிப் பெயரையே சங்கத்துக்குச் சூட்டி, 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்றனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைக் காக்க நடந்த போரில் கிஸ்பர்ட் உயிர் துறந்தார். ஆயினும் போர் முடிந்தபின் நண்பர்கள் மீண்டும் கூடினர். 1962இல் சிங்கப்பூரிலும் ஒரு சங்கம் எழுந்தது. இன்று அயர்லாந்தின் பசும்புல் வெளிகளிலும், நம் கொழும்பிலும், உலகின் எத்தனையோ நகரங்களிலும் இத்தகைய சங்கங்கள் உள்ளன. அவர்கள் ஓட்டம் முடிந்ததும் பீர் அருந்துவார்கள். நாம் தேநீர் விளையும் மண்ணில் இருப்பவர்களாதலால் அதை மட்டும் மாற்றிக் கொண்டோம்.

இவ்விளையாட்டின் நயம் அதன் விதியில் இருக்கிறது. 'முயல்' ஆனவர் சிறிது நேரம் முன்னே சென்று, இடைக்கிடையே மாவுப் பொட்டு வைத்துக்கொண்டே போவார். ஓரிடத்தில் வட்டம் ஒன்று இருக்கும். அத்துடன் தடயம் அறுந்துவிடும். அங்கிருந்து நாற்புறமும் தேட வேண்டும். சில வழிகள் பொய் வழிகள். வேகமாக ஓடுபவர் அவற்றிலே அலைந்து திரும்புவதற்குள் மெதுவாக வருபவரும் வந்து சேர்ந்துவிடுவார். ஆகவே முதல்வரும் கடைசியானவரும் என்ற பேதம் நிலைப்பதில்லை. பரிசும் இல்லை.

மாவுக் கோலமும் மலைப்பாதையும்

நமுனுகுல மலையின் 2,000 மீட்டரைக் கடந்த சிகரம் ஒருபுறம் நின்று பார்க்க, நம் வேட்டை தொடங்கியது. ஊவாவின் உலர்ந்த காற்று தேயிலைக்குத் தனி மணம் ஊட்டும் பருவம் அது. மழைக்காலமாயிருப்பின் அட்டைகளுக்கும் நாம் விருந்தாகியிருப்போம். முயலாக அமைந்த இளைஞர் அரிசிமாவையே பயன்படுத்தினார். எறும்புக்கு உணவாகும், தோட்டத்தில் குப்பையும் சேராது. லயத்துச் சிறுமி ஒருத்தி பீலியில் தண்ணீர் எடுத்து வரும் வழியில் அந்த மாவு வட்டத்தைக் கண்டு, கோலமென்று எண்ணி மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

பிரட்டுக்களத்தைத் தாண்டி, தேயிலை நிரைகளை மிதிக்காமல், கான்களைக் கடந்து, குறுக்குப் பாதைகளில் ஏறினோம். தடயம் கண்டவர் "கண்டோம்!" என்று கூவ வேண்டும், பின்னால் வருபவர் அக்குரலைப் பற்றிக்கொண்டு ஓட வேண்டும். மூன்றாவது வட்டத்தில் அனைவரும் திகைத்து நின்றோம். நான்கு திக்கிலும் ஓடினோம். நான்கிலும் மாவு இல்லை.

அப்பொழுது விறகுக் கட்டுடன் மேலிருந்து இறங்கிய வயோதிக மாது ஒருவர் நம்மைக் கண்டு பதைத்துப் போனார். கட்டைக் கீழே போட்டுவிட்டு, "ஏன் ஐயா இப்புடி ஓடுறீங்க? குளவி கெளம்பிருச்சா? யாருக்காச்சும் சொகமில்லையா?" என்றார்.

"ஒன்றுமில்லை அம்மா, விளையாட்டுக்குத்தான் ஓடுகிறோம்" என்றோம்.

"வெளையாட்டுக்கா! இந்த மலையிலயா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

நாமும் சிரித்தோம், ஆனால் அக்கேள்வி நெஞ்சில் தைத்துவிட்டது. இந்த மலைகளில் மனிதர் ஓடுவது எப்பொழுது? கொழுந்து பறிக்கையில் குளவிக்கூடு கலைந்தால் ஓடுவார்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு பெருந்தெருவை நோக்கி ஓடுவார்கள். மலை சரிந்தால் ஓடுவார்கள். ஓட அவகாசம் இருந்தால்! இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடியபோது, அந்த அவகாசம் பலருக்குக் கிட்டவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை வந்தது, வேறு வீடு வரவில்லை.

நாம் ஓடிய பாதைகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலைகளுக்கு ஏறினார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டவர் பலர். பதுளைக்கு ரயில் வந்ததோ 1924இல்தான். 1948ஆம் ஆண்டின் சட்டம் இவர்களின் சந்ததியாருள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. மலைநாட்டின் பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 'பீக்கோ' நடைபாதையில் இப்பொழுது வெளிநாட்டாரும் நடந்து மகிழ்கின்றனர். நல்லதே. ஆனால் அழகிய பாதை எதுவும் தானாக உண்டாவதில்லை. யாரோ சுமையுடன் தேவைக்காக நடந்து நடந்து உண்டாக்கியதே அது.

பொடியன் கண்ட வழி

மாதின் பின்னால் வந்த அவருடைய பேரன், பத்து வயதுப் பையன், வட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். "இஸ்கூலுக்குப் போற குறுக்கு இந்தப் பக்கமா இருக்கு" என்று ஒரு புதரை விலக்கினான். அப்பால், கல்லின்மேல், வெள்ளை மாவுப் பொட்டு! "கண்டோம்!" என்று அவனே கூவினான். கூவலைக் கேட்டு லயத்துச் சிறுவர் ஏழெட்டுப் பேர் ஓடி வந்தனர். அதன்பின் வேட்டையை நடத்தியவர்கள் அவர்களே. நாம் ரப்பர்ச் சப்பாத்துடன் திணறிய ஏற்றங்களில் அவர்கள் வெறுங்காலுடன் ஆடுபோல் ஏறினார்கள். காட்டுத் தொங்கலில் ஒளிந்திருந்த முயலை முதலில் கண்டு பிடித்தவனும் விறகுக்கார அம்மையாரின் பேரனே.

முடிவில் அனைவரும் வட்டமாக அமர்ந்து ரொட்டியும் கட்டச்சம்பலும் உண்டு, தேத்தண்ணீர் குடித்தோம். அம்மையாரும் வந்திருந்தார். "அடுத்த வெள்ளாட்டு எப்ப ஐயா? புள்ளைக கேக்குதுக" என்றார்.

அன்றே முடிவு செய்தோம்: அடுத்த முறை முயலாக ஓடப் போகிறவன் அந்தப் பையன். மாவுப் பையைச் சுமந்து கொடுப்பது நம் வேலை. பெற்றோர்களே, மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை ஆடிப் பாருங்கள். வழி தெரிந்தவர்களை மட்டும் பார்வையாளராக நிறுத்திவிடாதீர்கள். ஆபத்துக்காக மட்டுமே ஓடிப் பழகிய மலையில் ஆனந்தத்துக்காகவும் கால்கள் ஓடட்டும்.