கணக்குக் கேட்கும் ஊர்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்கின்றன. மே மாதம் முதல் நாளன்று ஊரில் இருக்கும் பிள்ளைகள் அங்கே ஒரு கூட்டத்தைக் காணலாம். மரத்தடியிலோ பள்ளி வளாகத்திலோ சமுதாயக் கூடத்திலோ மக்கள் கூடி அமர்ந்திருப்பர். ஊராட்சியின் வரவும் செலவும் உரக்கப் படிக்கப்படும். "எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து எத்தனை நாளாயிற்று தெரியுமா?" என்று ஒரு மூதாட்டி எழுந்து கேட்பார். ஊராட்சித் தலைவர் அவருக்கு விடை கூறியாக வேண்டும். இக்கூட்டத்திற்குக் கிராம சபை என்று பெயர்.

ஊரைத் தாமே ஆள்வதும், ஆள்பவரிடம் கணக்குக் கேட்பதும் தமிழகத்திற்குப் புதியவை அல்ல. அவ்வழக்கத்தின் சான்று ஒரு கோயிற்சுவரில் இன்றும் நிலைத்திருக்கிறது.

குடவோலை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு காணப்படுகின்றன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரிவாகக் கூறுகின்றன.

உத்திரமேரூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்கால வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். சிறியோரும் பெரியோரும் கூடியிருந்த சபையின் நடுவே, முதியவர் ஒருவர் குடத்தை அனைவரும் காணத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுத்தான். அதைப் பெற்றுக்கொள்பவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பது விதி. ஓலையை மாற்றிவிட்டார் என்ற ஐயம் எவருக்கும் எழலாகாது என்பதே அதன் நோக்கம். பின்னர் அப்பெயர் சபையோர் கேட்கப் படிக்கப்பட்டது.

இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வாரியங்களாகப் பிரிந்து ஓராண்டு பணியாற்றினர். ஏரியைக் காக்க ஏரி வாரியமும், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியமும், பொன்னின் தரத்தை ஆராயப் பொன் வாரியமும் இருந்தன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுபெற இயலாது. அவருடைய உறவினருக்கும் அவ்வுரிமை இல்லை. இன்றைய மக்களும் வியக்கத்தக்க விதி இது.

எனினும் இச்சபையில் எல்லோருக்கும் இடமிருக்கவில்லை. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்ட ஆடவரின் பெயர்களே குடத்தில் இடப்பட்டன. பெண்களும், நிலமில்லாத உழவரும் தேர்வுக்கு வெளியே நின்றனர். ஊருக்காக உழைத்தோர் பலர் ஊரின் கணக்கைக் கேட்க முடியாதவராய் இருந்தனர்.

இன்றைய ஊராட்சி

விடுதலைக்குப் பின், ஊராட்சிகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இந்திய அரசியலமைப்பின் 40 ஆவது உறுப்பு வழிகாட்டியது. 1992 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 73 ஆவது திருத்தச் சட்டம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இல் உருவாயிற்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு ஆகியன சட்டமாயின. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது என்று 2016 இல் சட்டம் திருத்தப்பட்டது.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆவர். அவர்களுக்கு நிலம் இருக்க வேண்டியதில்லை. 18 வயது நிரம்பியிருந்தால் போதும். குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களில் முன்பு கிராம சபை கூடியது. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சிகள் நாளும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. கூட்டத்திற்கு வருவோர் எண்ணிக்கைக்கும் வரையறை உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 50 பேர் கூட வேண்டும்.

பாப்பாபட்டி கற்பித்த பாடம்

சட்டம் இயற்றுவதால் மட்டும் உரிமை கிடைத்துவிடுவதில்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவிகள், 1996 முதல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அதனை ஏற்க மறுத்த சாதி எதிர்ப்பால், ஏறத்தாழ பத்தாண்டுகள் அங்கே ஊராட்சி முறையாக இயங்கவில்லை. சில வேளைகளில் வேட்புமனு தாக்கல் செய்ய எவரும் முன்வர இயலவில்லை. சில வேளைகளில் வென்றவர் உடனே பதவி விலகினார். 2006 ஆம் ஆண்டு தேர்தலில்தான் அந்நிலை மாறியது. 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டியில் நடைபெற்ற கிராம சபையில், தமிழ்நாட்டு முதலமைச்சர் கலந்துகொண்டு மக்களோடு அமர்ந்தார். எவரையும் வெளியே நிறுத்தாத சபையே ஊரின் சபையாகும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

ஓடந்துறையின் காற்றாலை

மக்கள் கூடிச் செயற்பட்டால் சிற்றூரும் பெரும்பணி ஆற்றும் என்பதற்குக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஓடந்துறை சான்றாகும். தெருவிளக்குக்கும் குடிநீர் ஏற்றவும் அவ்வூராட்சி செலுத்திய மின்கட்டணம் பெருஞ்சுமையாய் இருந்தது. அச்சுமையைக் குறைக்க, 2006 இல் ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை ஊராட்சி நிறுவியது. தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து அச்செலவைச் சமாளித்தது. ஊரின் தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அணுமின் ஆய்வில் ஈடுபட்டோரின் பிள்ளைகளுக்கு மின்சாரம் தெரிந்த செய்தியே; ஒரு சிற்றூர் தன் வரவுசெலவைத் தானே ஆராய்ந்து மின்சாரம் ஆக்கியது புதிய செய்தி.

ஊரும் நகரும்

அணுசக்தி நகரின் சாலைகளையும் கட்டடங்களையும் அணுசக்தித் துறையின் அலுவலகமே பராமரிக்கிறது. ஆகவே இங்கு வளரும் பிள்ளைகள் கிராம சபையைக் காண வாய்ப்பில்லை. இங்குள்ள பெரியோர் மும்பை மாநகராட்சியின் 227 வார்டுகளுள் தம் வார்டுக்கு உரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களின் பெயர் மும்பையின் வாக்காளர் பட்டியலில் இருப்பதால், சொந்த ஊரின் கிராம சபையில் அவர்கள் உறுப்பினர் அல்லர். ஊரில் தங்கிவிட்ட பாட்டிக்கு உள்ள அவ்வுரிமை, மும்பையில் பணியாற்றும் மகனுக்கு அங்கே இல்லை.

இளையோர் பலர் வெளியூர் சென்றுவிட்ட சிற்றூர்களில், ஏரி தூர்ந்ததையும் குழாய் வறண்டதையும் எடுத்துரைக்கும் பொறுப்பு முதியோர் மேல் விழுகிறது. அடுத்த மே முதல் நாளில் ஊரில் இருக்கும் பிள்ளைகள், பாட்டியின் கைபிடித்துக் கிராம சபைக்கு அழைத்துச் செல்லலாம். வாக்களிக்கும் வயது வராவிடினும், பார்த்தும் கேட்டும் கற்கலாம். பாட்டி எழுந்து கேட்கும் ஒரு கேள்விக்குப் பின்னால் ஆயிரத்து நூறு ஆண்டு வரலாறு நிற்கிறது.

சிந்தித்து எழுதுக

1. ஓலையை ஐந்து விரல்களையும் விரித்து வாங்க வேண்டும் என்று விதித்தது ஏன்?

2. உத்திரமேரூர்ச் சபைக்கும் இன்றைய கிராம சபைக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.

3. உன் பாட்டி அல்லது தாத்தாவின் ஊரில் கிராம சபை எங்கே கூடுகிறது? தொலைபேசியில் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.