மகன் முகத்தோடு நிற்கும் பிரான்சிஸ் லைட்

தாசேக் கெலுகோரில் கொம்யூட்டர் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் பினாங்குத் தீவுக்குப் போனால், கரையிலிருந்து கொஞ்ச தூர நடையிலேயே ஜார்ஜ் டவுனின் நினைவுச் சின்னங்கள் தொடங்கிவிடும். மணிக்கூண்டு, பக்கத்தில் கோர்ன்வாலிஸ் கோட்டை, அங்கே பச்சை பூத்த வெண்கலத்தில் பிரான்சிஸ் லைட். யார் சிலை என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எப்போது வைத்தார்கள், எதற்காக, யார் பணத்தில் என்று கேட்டால்தான் கதை பிடிபடும்.

லைட் 1786 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இங்கே கொடியேற்றினார். 1794இல் மலேரியாவில் இறந்தார். சிலை வந்ததோ 1936இல், கொடியேற்றத்தின் 150ஆம் ஆண்டுக்காக. அவரைப் பார்த்து வரைந்த படம் ஒன்றுகூட அகப்படாததால், மகன் வில்லியம் லைட்டின் சாயலில் முகத்தை வடித்தார்கள் என்பது பினாங்கில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த மகன் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தைத் திட்டமிட்டவர். அங்கே அவருக்கும் சிலை உண்டு. மகனுக்குக் கிடைத்த முகம் அப்பாவுக்கும் உதவியிருக்கிறது!

முகம் இரவல் என்பதைவிட, விழாவுக்கு வேண்டாதது விடுபட்டதுதான் பெரிய விஷயம். எதிரிகள் வந்தால் கம்பெனி துணை நிற்கும் என்று நம்பித்தான் கெடா சுல்தான் தீவைக் கொடுத்தார். துணை வரவில்லை. 1791இல் தீவை மீட்க அவர் பிறை என்ற ஊரில் படை திரட்டினார். அதை அடித்துக் கலைத்தவர் லைட். காலனி ஆட்சி தன் 150ஆம் பிறந்தநாளைக் கொண்டாடும்போது இதையெல்லாம் யார் பேசுவார்கள்? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வந்ததும் சிலையை இறக்கினார்கள், போருக்குப் பிறகு அது திரும்பி வந்தது. 2020இல், உலகின் பல ஊர்களில் காலனிய காலச் சிலைகள் மீது கோபம் பாய்ந்த நாட்களில், இதன் மேலும் சிவப்புச் சாயம் விழுந்தது.

மணிக்கூண்டின் கணக்கு வேறு. விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி. 1897இல் இதைக் கட்டித் தர முன்வந்தவர் சியா சென் இயோக் என்ற உள்ளூர்ச் சீனச் செல்வந்தர். வேலை முடிந்தது 1902இல். ராணி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். போரில் விழுந்த குண்டுகளால் கோபுரம் இன்றும் லேசாகச் சாய்ந்திருக்கிறது.

வெள்ளைக்காரர் நினைவுச் சின்னம் என்று ஒதுக்கிவிடாமல் பார்க்க வேண்டியது, உயர் நீதிமன்றத்தருகே உள்ள ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் நினைவகம். வெள்ளையரல்லாதவர்களின் உரிமைக்காக வாதாடிய வழக்கறிஞர் அவர், 1869இல் இறந்தார். ‘இந்தோனேசியா’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

2008இல் ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கிடைத்த பிறகு காற்று மாறியது. மாநில அரசு நடத்திய போட்டியின் வழியாக, தெருச்சுவர்களில் இரும்புக் கம்பிச் சித்திரங்கள் ஏறின. கேனன் தெருவுக்குப் பீரங்கிப் பெயர் வரக் காரணமான 1867 கலவரம், கயிறு திரித்த தெரு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ என்று இவற்றில் கவர்னர்களைவிடக் கடைத்தெரு மனிதர்களே அதிகம். நகைச்சுவையும் உண்டு. வாசகங்கள் ஆங்கிலத்தில் இருப்பதுதான் எனக்கு உறுத்தல்: சுற்றுலாப் பயணிக்குப் புரிகிறது, அதே தெருவில் மாலை கட்டி விற்கும் பாட்டிக்கு?

நம்மவர்கள் எங்கே? 1818இல் முடிந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு. அதன் வாசலில் நிற்கும் மண்டபமோ லைட்டுக்கானது. சிலை கிடைக்காத நம்மவர்களில் சிலருக்குத் தெருப்பெயர் கிடைத்தது. தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் ‘சூலியா’ என்ற சொல்லில் அமைந்த சூலியா தெரு ஒன்று. இன்னொன்று, தமிழ் முஸ்லிம்களின் தலைவரான (‘கப்பித்தான் கெலிங்’) காதர் முகைதீன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய பள்ளிவாசலின் தெரு. முன்பு அது பிட் ஸ்ட்ரீட், பிரிட்டிஷ் பிரதமர் ஒருவரின் பெயர். இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்: பிரதமரை எழுப்பிவிட்டு நம் கப்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்.