ஏரியும் பாசியும்

பழனி மலைத்தொடரின் மேற்பரப்பில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது கோடைக்கானல் நகரம். அதன் நடுவே விண்மீன் வடிவில் கைகளை நீட்டிக் கிடக்கும் ஏரியைக் காணாது திரும்பும் பயணியர் மிகச் சிலரே. இயற்கையாய் அமைந்தது போன்று தோற்றம் அளிப்பினும், அவ்வேரி மனிதர் ஆக்கியதே ஆகும். மதுரை மாவட்டத்தின் ஆட்சித் தலைவராய் விளங்கிய லெவிஞ்சு என்னும் ஆங்கிலேயர், 1863-ஆம் ஆண்டில் ஓடைகள் வந்து கூடிய சதுப்பு நிலத்தின் குறுக்கே கரை எழுப்பி நீரைத் தேக்கினார். நீர்ப்பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். அதனைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுடையது. நிறைந்து வழியும் நீர் மலைப்பாதையின் ஓரத்தே வெள்ளியருவியாய் வீழ்ந்து கீழ்நோக்கிச் செல்கின்றது.

இத்துணை அழகு வாய்ந்த ஏரிக்கும் ஒரு நோய் உண்டு. கரையோரங்களில் நீர் சிற்சில காலங்களில் பச்சிலைச் சாற்றைக் கரைத்தாற்போல் நிறம் மாறும். நீர்க்களைகளும் அவற்றோடு பின்னிய பாசியும் படகின் துடுப்பைப் பற்றிக்கொள்ளும். ஆட்களைக் கொண்டும் பொறிகளைக் கொண்டும் அவற்றை அகற்றும் பணி பலமுறை நடைபெற்றுள்ளது. ஆயினும் அகற்றியவை மீண்டும் தழைத்து விடுகின்றன. அதன் காரணத்தை அறிவதற்குப் பாசியின் வாழ்க்கையை முதலில் அறிதல் வேண்டும்.

பாசி இழிந்த பொருள் அன்று. வேரும் தண்டும் இலையும் இன்றியே, கதிரவன் ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிர் அது. நீரில் வாழும் சிற்றுயிர்கள் பாசியை உண்கின்றன; அவற்றை மீன்கள் உண்கின்றன. உலகில் உண்டாகும் பிராணவாயுவில் பெரும்பகுதி நீர்வாழ் நுண்பாசிகளின் கொடையே. ஆகவே பாசியே இல்லாத ஏரி நல்ல ஏரி ஆகாது. அது மீனும் இல்லாத ஏரியாகவே இருக்கும். அளவிற்கு மிஞ்சிப் பெருகும்போதுதான் கேடு தொடங்குகின்றது. மேலே படர்ந்த பாசி அடியிலுள்ள செடிகளுக்கு ஒளி செல்லாமல் தடுக்கும். அது மடிந்து அழுகும்போது, அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு விடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கின்றன. நீலப்பசும்பாசி எனப்படும் இனத்துள் சில, கால்நடைக்கும் மனிதருக்கும் தீங்கு செய்யும் நஞ்சையும் நீரில் கலக்கின்றன.

இவ்வுண்மையைச் சிறிய அளவில் காண விரும்புவோர், கடல்நீரை நிரப்பிப் பவளமும் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்றை நோக்கலாம். மீன்கள் பசித்திருக்குமோ என்று அஞ்சி உடையவர் உணவை அள்ளி இடுகிறார். உண்டது போக எஞ்சியது அடியில் தங்கி அழுகுகின்றது. மீனின் கழிவும் அதனுடன் சேர்கின்றது. சில வாரங்களில் கண்ணாடியும் கல்லும் பச்சைமயிர் போர்த்தாற்போல் ஆகின்றன. பவளத்தின் மேலும் பாசி ஏறி அதனை நெரிக்கின்றது. வியப்பு யாதெனில், பவளமும் தன் உடலுக்குள் ஒருவகை நுண்பாசியை வைத்து, அது ஆக்கும் உணவைக் கொண்டே பெரிதும் வாழ்கின்றது. உள்ளிருக்கும் பாசி உயிர் காக்க, வெளியே படரும் பாசி உயிரைக் கவர்கின்றது. உடையவர் நாள்தோறும் கண்ணாடியைச் சுரண்டுவார். உணவின் அளவை மட்டும் குறைக்க மாட்டார். சுரண்டிய இடத்தில் மறுவாரமே பாசி முளைக்கின்றது.

பாசிக்கு உணவாவன யாவை? கரியும் நைட்டிரஜனும் பாஸ்பரமும் அவற்றுள் தலையாயவை. கடலின் நுண்பாசிகளின் உடலில், பாஸ்பரத்தின் ஓர் அணுவிற்கு நைட்டிரஜன் அணுக்கள் 16-உம், கரியணுக்கள் 106-உம் சராசரியாய் அமைந்துள்ளன. கரி காற்றிலிருந்தும் கிடைக்கும். நைட்டிரஜனையும் காற்றிலிருந்து பற்றிக்கொள்ளும் ஆற்றல் நீலப்பசும்பாசிகள் சிலவற்றிற்கு உண்டு. பாஸ்பரமோ காற்றில் வளிவடிவாய்க் கலந்திருப்பதில்லை. பாறையும் மண்ணும் கழிவும் தந்தாலன்றி ஏரிக்குக் கிட்டாது. ஆதலின் நன்னீர் ஏரிகள் பலவற்றில் பாசியின் அளவை வரையறுக்கும் கடிவாளம் பாஸ்பரமே.

இதனைக் கண்கூடாய்க் காட்டியவர் டேவிட் சிண்ட்லர் என்னும் அறிஞர். கனடா நாட்டில் ஆண்டேரியோ மாநிலத்தின் காட்டுப்பகுதியில், 226 என்னும் எண்ணால் குறிக்கப்படும் ஏரியை, 1973-ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் குழுவினரும் ஒரு பெருந்திரையால் இரு கூறாய்ப் பிரித்தனர். ஒரு கூற்றில் கரியும் நைட்டிரஜனும் இட்டனர். மற்றதில் அவ்விரண்டுடன் பாஸ்பரமும் இட்டனர். சில வாரங்களுக்குள் பாஸ்பரம் இட்ட பக்கம் முழுதும் பச்சையாயிற்று. மறுபக்கம் தெளிந்தே நின்றது. வானூர்தியிலிருந்து எடுத்த அதன் ஒளிப்படம் அறிவியல் உலகில் பெரும்புகழ் பெற்றது. ஆயிரம் சொற்களால் விளக்க இயலாததை அவ்வொரு படம் விளக்கிற்று.

கோடைக்கானல் ஏரிக்கு இவ்வுணவு எங்கிருந்து வருகின்றது? ஏரி பள்ளத்தில் உள்ளது. ஊர் சுற்றிலும் மேட்டில் உள்ளது. சோலைக்காடும் புல்வெளியும் சூழ்ந்திருந்த காலத்தில், மழைநீர் அவற்றின் மண்ணில் ஊறி வடிந்து மெல்ல வந்தது. இன்று விடுதிகளும் கடைகளும் இல்லங்களும் நெருங்கியுள்ளன. வீட்டுக் கழிவுநீர், மனிதக் கழிவு, தோட்டங்களுக்கு இட்ட உரம், குதிரைச் சாணம் ஆகிய அனைத்திலும் நைட்டிரஜனும் பாஸ்பரமும் உள. இவை ஓடைகளின் வழியே இறங்கினால், சேரும் இடம் ஏரியே. கோடைப் பருவத்தில் ஊரின் மக்கள்தொகை பன்மடங்காய்ப் பெருகும்போது கழிவும் பெருகுகின்றது.

மருந்திட்டு அழித்தல் ஆகாதோ எனின், அதுவும் பல நாடுகளில் செய்து பார்த்ததே. மயில்துத்தத்தைத் தூவினால் பாசி விரைவில் மடியும். ஆனால் மடிந்த பாசி அழுகித் தன்னுள் இருந்த உணவை நீருக்கே திருப்பித் தருகின்றது. அடுத்த தலைமுறைப் பாசி அதனை உண்டு வளர்கின்றது. செம்போ மீனுக்கும் சிற்றுயிர்க்கும் நஞ்சாய் நின்றுவிடுகின்றது. வாரி அகற்றுதல் இதனினும் மேலானது. ஏனெனில் வாரிய பாசியோடு அதன் உடலிலுள்ள பாஸ்பரமும் வெளியேறும். அதனைக் கரையிலேயே குவித்து விட்டாலோ, முதல் மழையில் பாதி உணவு மீண்டும் ஏரிக்குள் சென்று சேரும்.

பாசியை மேயும் உயிர்களைக் காத்தலும் ஒரு வழி. கரிபியக் கடலில், முள்ளுடல் கொண்டு பாசியை மேய்ந்து வந்த கடல் முள்ளெலிகள் 1983-ஆம் ஆண்டு பரவிய நோயால் பெரும்பாலும் மாண்டன. பின்னர் ஜமைக்காத் தீவின் பவளப் பாறைகளைப் பாசி மூடிக்கொண்டது. ஏரிகளில் அத்தொழிலைக் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் நீர்த்தெள்ளுகள் செய்கின்றன.

எனினும் வரும் உணவை நிறுத்தியதால் மீண்ட ஏரியின் வரலாறே இங்கு முதன்மையானது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை அடுத்துள்ளது வாசிங்டன் ஏரி. அதனுள் பல கழிவுநீர் நிலையங்கள் தம் நீரை விட்டுவந்தன. 1955-ஆம் ஆண்டில் அங்கு ஒரு நீலப்பசும்பாசி பெருகக் கண்ட எட்மண்ட்சன் என்னும் பேராசிரியர், வரவிருக்கும் கேட்டை முன்னரே எடுத்துரைத்தார். 1958-இல் மக்கள் வாக்களித்து, அதற்கான செலவை ஏற்க இசைந்தனர். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் முழுவதும் ஏரியினின்றும் திருப்பி விடப்பட்டது. மருந்து ஏதும் இடாமலே, ஒரு மீட்டர் ஆழத்திற்கு மட்டும் கண்ணுக்குத் தெரிந்த நீர் சில ஆண்டுகளில் மூன்று மீட்டர் வரை தெளிந்தது. பின்பு நீர்த்தெள்ளுகளும் பெருகின, தெளிவு இருமடங்காயிற்று.

வாசிங்டன் ஏரி ஆழமானது. கோடைக்கானல் ஏரியோ சிறியது, ஆழம் குறைந்தது. பல ஆண்டுகளாய் வந்து சேர்ந்த பாஸ்பரம் அதன் அடிச்சேற்றில் தங்கியிருக்கும். பிராணவாயு குறையும் காலத்தில் அச்சேறு அதனை மீண்டும் நீரில் விடும். ஆதலால் ஓடைகளைத் தூய்மை செய்த மறு ஆண்டே நீர் தெளிந்துவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது. சேற்றை வாரிவிடலாமே எனில், அதிலும் ஓர் இடர் உண்டு. 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வெளிப்பட்ட பாதரசம், இவ்வேரியின் நீரிலும் மீனிலும் இருப்பதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். சேற்றைக் கலக்கினால் அடியில் தங்கிய பாதரசமும் எழும்பக்கூடும். எனவே எவ்விடத்தில், எவ்வளவு ஆழம் வாருவது, வாரிய சேற்றை எங்கே கொண்டு சேர்ப்பது என்பவற்றை முதலில் ஆய்ந்து துணிதல் வேண்டும். ஓடைகளில் இறங்கும் கழிவைத் தடுப்பதற்கோ அத்தகைய காத்திருப்பு தேவையில்லை. அப்பணியை எந்நாளும் தொடங்கலாம்.