கல்லை வரைவதும் ஒரு படிப்பே

கல்லை வரைவது கைப்பயிற்சி மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இயற்கையைக் கற்கும் நேரான வழிகளில் ஒன்று. 1853 கோடையில் ஸ்காட்லாந்தின் கிளென்ஃபின்லாஸ் ஓடையோரம் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் செய்தது அதைத்தான். உடன் வந்த ஓவியர் மில்லே அங்கே ரஸ்கினின் உருவப்படத்தைத் தீட்டத் தொடங்க, ரஸ்கினோ கரையிலிருந்த நைஸ் பாறையை மையால் வரைந்தார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தின் நாயகன் மலைச்சிகரம் அல்ல, வளைந்த வரிகளும் வெடிப்புகளும் கொண்ட அந்தப் பாறைதான். வெப்பத்திலும் அழுத்தத்திலும் கனிமங்கள் வரிவரியாகத் திரண்டு உருவாவது நைஸ். ஒரு வரி எங்கே வளைகிறது, வெடிப்பு அதை எந்தச் சாய்வில் குறுக்கிடுகிறது என்று பார்த்துத் தெளியாமல் கோடு போட முடியாது. மரம் என்றதும் மனம் ஒரு வடிவத்தை எடுத்துக் கொடுத்துவிடும். கல்லுக்கு அப்படி ஆயத்த வடிவம் இல்லை. ஆகவே கல்லின் முன் அமர்பவர் பார்த்தே தீரவேண்டும்.

சிறு கல்லிலும் மலையின் அமைப்பைக் காணலாம் என்பதை ரஸ்கின் 1856இல் வெளியான ‘மாடர்ன் பெயின்டர்ஸ்’ நான்காம் தொகுதியில் விளக்கினார். அதைப் படித்து சுவிட்சர்லாந்து சென்ற ஓவியர் ஜான் பிரெட், அதே ஆண்டு ரோசன்லாவி பனியாற்றை வரைந்தார். அந்தப் படத்தில் பனிக்கு முன்னால் கிடக்கும் பாறைகளின் நிறமும் தேய்மானமும் தனித்தனியே தெரிகின்றன. அந்தப் பனியாறு பின்னர் வெகுவாகப் பின்வாங்கிவிட்டதால், படம் இன்று சாட்சியாகவும் நிற்கிறது.

புகைப்படம் இதைவிடத் துல்லியமாகப் பதியுமே என்று கேட்கலாம். ரஸ்கினே வெனிஸ் கட்டடங்களைப் பதிய டாகுரோடைப் என்னும் தொடக்ககாலப் புகைப்படங்களைப் பயன்படுத்தியவர்; ஆனாலும் வரைவதை விடவில்லை. கருவி காட்சியைச் சேமிக்கும், கவனத்தைப் பழக்காது. வெறும் நகலெடுப்பில் கலை ஏது என்பது இன்னும் வலுவான கேள்வி. பிரெட்டின் ‘வால் டி’ஆவோஸ்டா’ படத்தில் கண்ணாடியின் பிரதிபலிப்பே இருக்கிறது, மனிதனின் உணர்வு இல்லை என்று 1859இல் குறைகூறியவரும் ரஸ்கின்தான். அந்தக் கண்டிப்பு நியாயமானது. ஆனால் அது கவனத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பார்த்தவற்றுள் எது முக்கியம் என்று தேரச் சொல்கிறது. தேர்வதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்காக ஆல்ப்ஸுக்குப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பெரும்பரப்பும் நைஸ் போன்ற தொன்மையான பாறைகளின் மேல்தான் அமைந்திருக்கிறது. நம் பள்ளிகளில் அறிவியலும் ஓவியமும் தனித்தனிப் பாடவேளைகளாக நடக்கின்றன. ஊர்ப்புறத்துப் பாறை ஒன்றை மாணவர்கள் பொறுமையாக வரைந்தால், இரண்டு பாடங்களும் ஒரே தாளில் நடந்துவிடும்.