பழைய டேப்லெட்டை விக்கப் போறீங்களா? அஞ்சு நிமிஷம் இருங்க!

எக்ஸ்சேஞ்சில் 3,000 ரூபாய் கிடைக்குதுன்னு டேப்லெட்டை அப்படியே தூக்கிக் கொடுத்துடாதீங்க. அதில் உங்க ஜிமெயில் திறந்தே இருக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட், பான் கார்டு காப்பி, பாஸ்வேர்டு மாத்துற லிங்க் எல்லாம் வந்து விழுவது அங்கேதான்.

சிம் போடுற மாடல்னா சிம்மையும் மெமரி கார்டையும் முதல்ல கழட்டிடுங்க. இல்லைன்னா ஓடிபி அதுக்கே போகும்.

"ரீசெட் பண்ணா போதாதா?"ன்னு கேப்பீங்க. கூகுள் அக்கவுண்ட்டை நீக்காம, பட்டனை அழுத்திப் பிடிச்சு ரீசெட் பண்ணா, ஆண்ட்ராய்டு பழைய அக்கவுண்ட்டையே திரும்பக் கேட்கும். வாங்கினவர் போன் போட்டு உங்க பாஸ்வேர்டைக் கேப்பார். (நான் ஒருமுறை பாவம்னு சொல்லிட்டு, அன்னிக்கு ராத்திரியே பாஸ்வேர்டு மாத்தினேன்!) ஐபேடில் இதே வேலையைச் செய்வது ஆக்டிவேஷன் லாக். 'ஃபைண்ட் மை'யை ஆஃப் பண்ண ஆப்பிள் பாஸ்வேர்டும் நெட்டும் வேணும். அதனால வைஃபையை அவசரப்பட்டு அணைக்காதீங்க. அக்கவுண்ட்டை எடுத்த பிறகு செட்டிங்ஸ் வழியா ரீசெட் பண்ணுங்க. சேமிச்ச வைஃபை பாஸ்வேர்டு, ப்ளூடூத் ஜோடி எல்லாம் அதிலேயே போயிடும்.

ஏற்கனவே கொடுத்தாச்சா? போனில் கூகுள் அக்கவுண்ட், செக்யூரிட்டி, 'யுவர் டிவைசஸ்' போய் அந்த டேப்லெட்டை சைன் அவுட் பண்ணுங்க. பணம் போயிருந்தா பேங்குக்கும் 1930-க்கும் உடனே கூப்பிடுங்க.