கெர்பல்கள் நடத்தும் ராக்கெட் வகுப்பு

அப்போலோ-11 புறப்பட்ட நான்காம் நாள் மனிதர்கள் நிலவில் இறங்கிவிட்டார்கள். சந்திரயான்-3-க்கு நாற்பது நாள் ஆனது. 2023 ஆகஸ்ட் 23 மாலை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் “நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு லேட்டு?” என்று கேட்டபோது, பெரியவர்கள் பலர் “அவங்க ராக்கெட் பெருசு” என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். பதில் சரிதான். ஆனால் ராக்கெட் சிறிதாக இருந்தால் பூமியையே ஏன் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும்? அதை வாயால் விளக்குவது கஷ்டம். பிள்ளையின் கையில் கொடுத்துச் செய்துபார்க்க வைக்கும் ஒரு கணினி விளையாட்டு இருக்கிறது. பெயர், கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்.

விண்வெளி பொம்மைகளுக்கும் கார்ட்டூன்களுக்கும் என்றைக்குமே பஞ்சமில்லை. 1962-ல் வந்த ‘தி ஜெட்சன்ஸ்’ கார்ட்டூனில் அப்பா பறக்கும் காரில் வேலைக்குப் போனார். 1978-ல் ஜப்பானின் தைட்டோ நிறுவனத்தில் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டு உலகம் முழுக்கச் சிறுவர்களைக் கட்டிப்போட்டது. இவை வானத்தின் மேல் ஆசையை மூட்டின. அந்த ஆசைக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்த வகையில் பெரும்பாலானவை சொல்லிக்கொடுத்த பாடம் தப்பு. மூக்கைத் திருப்பிய பக்கம் கலம் போகும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றைத் தாண்டிவிட்டால் புவியீர்ப்பு இருக்காது என்றே பிள்ளைகள் நம்பி வளர்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில், தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீத ஈர்ப்பு இருக்கிறது என்றால் கல்லூரி மாணவர்களே நம்ப மறுக்கிறார்கள்.

இத்தனைக்கும் விண்வெளி விளையாட்டுகளின் முன்னோடிகள் இயற்பியலை மதித்தவர்கள். 1962-ல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் எழுதிய ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டில் திரையின் நடுவே ஒரு நட்சத்திரம் உண்டு. அது இரண்டு கலங்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். 1969-ல் அப்போலோ-11 இறங்கிய சில மாதங்களில், ஜிம் ஸ்டோரர் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் நிலவில் கலத்தை இறக்கும் விளையாட்டை எழுதினார். படமே கிடையாது. எவ்வளவு எரிபொருள் எரிக்கலாம் என்று எண்ணைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். கெர்பல் அந்த வம்சத்தில் வந்தது.

அதை உருவாக்கிய ஃபெலிப்பே ஃபாலங்கே பிரேசில்காரர். சிறுவயதில் அலுமினியத் தாளில் குட்டி பொம்மைகள் செய்து, ராக்கெட் வாணத்தில் கட்டிப் பறக்கவிட்டவர். அந்தப் பொம்மைகளுக்கு அவர் வைத்த பெயர்தான் கெர்பல். பின்னாளில் மெக்சிகோ சிட்டியில் ஸ்க்வாட் என்ற விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தபோது இந்த விளையாட்டைத் தொடங்கினார். முதல் வடிவம் 2011 ஜூனில் வெளிவந்தது, முழு வடிவம் 2015 ஏப்ரலில். அலுமினியப் பொம்மைகள் இப்போது பெரிய தலையும் முட்டைக் கண்ணுமாகப் பச்சை நிறக் குட்டி மனிதர்கள் ஆகிவிட்டார்கள்.

விளையாடும் பிள்ளை முதலில் கூடத்தில் ராக்கெட்டைக் கட்ட வேண்டும். எரிபொருள் தொட்டி, எஞ்சின், அடுக்கைக் கழற்றிவிடும் வளையம், பாராசூட் எல்லாம் அடுக்கி, எது எப்போது இயங்க வேண்டும் என்று வரிசை போட வேண்டும். பாராசூட்டையும் எஞ்சினையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டால், ஏவும் பட்டனைத் தட்டிய நொடியிலேயே பாராசூட்டும் இயங்கிவிடும். வால் பக்கம் துடுப்பு வைக்க மறந்தால் ராக்கெட் பாதி வழியில் குட்டிக்கரணம் அடிக்கும். திரையின் மூலையில் கெர்பல்களின் முகம் தெரியும். ராக்கெட் ஆட ஆட அந்த முகம் மாறும்.

அடுத்த அடி இன்னும் முக்கியம். நேர் மேலே ஏவிய ராக்கெட் 70 கிலோமீட்டரைத் தாண்டி, கெர்பல்களின் கிரகத்துக் காற்று மண்டலத்தைக் கடந்துவிடும். ஜெயித்துவிட்டோம் என்று பிள்ளை நினைக்கும்போதே அது திரும்பித் தரையில் விழும். உயரம் போதவில்லையோ என்று இன்னும் பெரிய ராக்கெட் கட்டினாலும் விழும். கொஞ்சம் ஏறியதும் கிழக்கே சாய்த்து, வினாடிக்கு 2,300 மீட்டர் வரை பக்கவாட்டில் வேகம் கூட்டும்போதுதான் விழாமல் சுற்ற ஆரம்பிக்கும். கலம் அப்போதும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. தரைதான் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன விஷயம் விரல் நுனியில் ஏறும் இடம் இது.

கிழக்கே ஏவினால் எரிபொருள் மிச்சம் என்பதும், சுற்றும் தளத்தை நடுவழியில் மாற்றினால் செலவு எகிறும் என்பதும் தானாகவே பிடிபடும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது. சிறிய எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு அந்த வளைவு கட்டுப்படியாகாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதன் காரணம், கெர்பல் விளையாடிய பிள்ளைக்கு ஒரு வார்த்தையில் புரியும்.

சந்திரயான் கேள்விக்கும் பதில் இங்கேதான். சுற்றுப்பாதையில் கிரகத்துக்கு மிக அருகே வரும் புள்ளியில் எஞ்சினைத் தட்டினால் எதிர்ப்பக்கப் புள்ளி எட்டிப்போகும். அதே எரிபொருளுக்கு அங்கே கிடைக்கும் பலன் வேறெங்கும் கிடைக்காது. நம் எல்.வி.எம்.-3 ராக்கெட் 3,900 கிலோ எடையுள்ள சந்திரயானைச் சுமார் 36,500 கிலோமீட்டர் வரை போகும் நீள்வட்டத்தில் விட்டது. மீதியைக் கலத்தின் சின்ன எஞ்சினே, ஒவ்வொரு முறை பூமிக்கு அருகே வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி முடித்தது. அப்போலோவைச் சுமந்த சாட்டர்ன்-5 ராக்கெட்டுக்கு அந்த அவசியமில்லை. அது 40 டன்னுக்கு மேல் எடையை நேராக நிலவை நோக்கித் தள்ளிவிட்டது.

எனக்கு இதில் மிகப் பிடித்தது இரண்டு கலங்களை இணைக்கும் பாடம். முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகம் கூட்டினால், நம் பாதை உயர்ந்து, சுற்று நீண்டு, நாம் பின்தங்கிப்போவோம். பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். 1965 ஜூனில் ஜெமினி-4 கலத்தின் ஜேம்ஸ் மெக்டிவிட், கழன்றுபோன தன் ராக்கெட் அடுக்கை நெருங்க அதை நோக்கி எஞ்சினைத் தட்டினார். அது விலகி விலகிப் போனது. எரிபொருள் தீர்ந்துவிடும் என்று முயற்சியைக் கைவிட்டார்கள். நாசாவின் விமானி தடுமாறிய அதே இடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தடுமாறி, தானாக வழி கண்டுபிடிக்கிறது. ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோ இரண்டு செயற்கைக்கோள்களை இணைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு. கெர்பல்களின் கிரகம் பூமியின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிஜத்தில் வினாடிக்கு கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் வேகம் தேவைப்படும் வேலை இங்கே மலிவாக முடிகிறது. ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பைத்தான் கணக்கில் எடுக்கும். பூமியும் சூரியனும் சேர்ந்து இழுப்பதால் உண்டாகும் எல்-1 புள்ளி இதில் இல்லை. எனவே ஆதித்யா-எல்1 பயணத்தை இதில் நடத்திப் பார்க்க முடியாது. முதல் சில நாட்கள் எரிச்சலும் வரும். ஆனாலும் விண்வெளி என்ற பெயரில் பிள்ளைகளுக்கு விற்கப்படும் சரக்குகளில் இதற்கு ஈடாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

வாங்க நினைக்கும் பெற்றோர் முதல் பாகத்தையே வாங்குங்கள். 2023-ல் வந்த இரண்டாம் பாகம் அரைகுறையாக வெளிவந்து, அப்படியே நின்றுபோனது. கணினி இல்லாத வீடென்றால், செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் ‘ஸ்பேஸ்ஃப்ளைட் சிமுலேட்டர்’ ஓரளவு இதே பாடத்தைத் தட்டையான படத்தில் நடத்துகிறது. ராக்கெட் வெடிக்கும்போது பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். ஏன் வெடித்தது என்று கேளுங்கள். பதிலை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.