ஜீப்புக்கு முந்திய வடை
(பஸ்ஸில் ஏறி, பந்தியில் இறங்கி – 14)

போன வாரம் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் மாடி பஸ்ஸில் சுற்றினோம். சிவப்பு பஸ், மேல்தளத்துக்குக் கூரை கிடையாது, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. ஒரு டிக்கெட் வாங்கினால் நாள் முழுக்க ஏறலாம், இறங்கலாம். கதீட்ரலையும் அரண்மனையையும் நாடக அரங்கையும் காட்டிய அந்த பஸ், பலாரோ சந்தையை மட்டும் வெளியிலேயே விட்டுவிட்டுப் போனது. சந்து அவ்வளவு குறுகல். கடலைமாவைத் தண்ணீரில் கிண்டி, ஆறவிட்டு, வில்லை வில்லையாக அறுத்துப் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருகிற பனெல்லே அந்தச் சந்தில் கிடைக்கும். நம்மூர் பஜ்ஜிக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரியான பண்டம். அதைத் தின்ன பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டு நடந்தோம்.

இந்த வாரம் தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டம், கோம்பை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேரூர். இங்கே சுற்றுலா பஸ் இல்லை. டவுன் பஸ் உண்டு, மினி பஸ் உண்டு. இரண்டும் சாப்பாட்டுக் கடை வாசலிலேயே நிற்கும். ஆனால் சாப்பாடு எப்போது கிடைக்கும் என்பது பஸ்ஸின் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை. அதைத் தீர்மானிப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

தேனியிலிருந்து தொடங்குவோம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் பெயரில்தான் தேனி பஸ் நிலையமே இருக்கிறது. அங்கே கம்பம் பஸ் ஏறும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஊருக்குள் போகுமா, புறவழிச்சாலையில் போகுமா? புறவழிச்சாலையில் போனால் பள்ளத்தாக்கின் கடைத்தெரு எதுவும் கண்ணில் படாது. ஊருக்குள் போகிற பஸ்ஸில், முடிந்தால் இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில், பூத்தோட்டங்கள் நிறைந்த சீலையம்பட்டி என்று கடந்து போகும்போது தூரத்தில் மேகமலை கூடவே வரும். வலது பக்கம் உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை, அந்தப் பக்கம் கேரளத்து எல்லை மலை.

சின்னமனூரில் இறங்கியே ஆக வேண்டும். வரலாற்று மாணவர்களுக்கு இந்த ஊர் செப்பேட்டால் தெரியும். 10-ம் நூற்றாண்டுப் பாண்டியன் இராசசிம்மனின் செப்பேடு இங்கே கிடைத்தது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் பெருமையாக அது சொல்கிறது. வாயில் போட்டு மெல்லுகிறவர்களுக்கு இந்த ஊர் வெற்றிலையால் தெரியும். அகத்தியை நட்டு, அதில் கொடியை ஏற்றி வளர்க்கும் கொடிக்கால்கள். நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. கைக்குழந்தைக்குச் செய்வது போல அத்தனை பக்குவம் செய்து எடுத்த இலையை நாம் சுண்ணாம்பு தடவி அரை நிமிடத்தில் மென்று துப்பிவிடுகிறோம். கவுளிக் கணக்கில் வாங்கினால் வெற்றிலை வாடிவிடும், ஊர் திரும்பும் நாளில் வாங்குங்கள். இப்போதைக்கு கடைத்தெருவில் ஒரு பீடா போதும்.

அடுத்து உத்தமபாளையம். நீதிக்கட்சித் தலைவர் பி.டி.ராஜன் பிறந்த ஊர், 1936-ல் சில மாதங்கள் சென்னை மாகாணத்துக்கு முதல் அமைச்சராக இருந்தவர். பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் இங்கே உண்டு, நிதானமாகப் பார்க்க வேண்டியவை. பஸ் மாறும் ஊர் என்பதால் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. மதிய நேரத்தில் வந்து சேர்ந்தால் பிரியாணி சாப்பிடலாம். ராவுத்தர் குடும்பங்கள் நிறைந்த ஊர், கம்பமும் அப்படித்தான். கல்யாண வீட்டுக்கு அழைப்புக் கிடைத்து நெய்ச்சோறும் தால்ச்சாவும் சாப்பிடுகிறவர் கொடுத்துவைத்தவர். கடையில் அந்தத் தால்ச்சா வராது.

உத்தமபாளையத்திலிருந்து கோம்பைக்கு பஸ் ஏறினால் மலை நேராக எதிரே வருகிறது. பத்துக் கிலோமீட்டருக்குள்தான் தூரம். முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்த டவுன் பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021 மே 8 முதல் அப்படித்தான். அதனாலேயே இந்த பஸ்களில் பெண்கள் கூட்டம் அதிகம், பேச்சும் அதிகம். காதில் கருவி மாட்ட வேண்டியதில்லை. எந்தத் தோப்பு யாருடையது, எந்தக் குளம் நிரம்பியிருக்கிறது, கோயில் சாட்டியாச்சா என்பதெல்லாம் தானாக வந்து விழும். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் கலந்து கேட்டால் திகைக்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களின் வீட்டுமொழிகள் அவை.

கோம்பை என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது நாயைப் பற்றித்தான். செம்பழுப்பு உடம்பும் கருமூஞ்சியுமாக இருக்கும் அந்த இனத்தை, 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பிறகு விசாரிப்பு இன்னும் கூடிவிட்டது. நாய் பார்க்க வருகிறவர்கள் பகல் பதினொரு மணிக்குக் காரில் வருகிறார்கள். மூன்று மணிக்குப் பசித்து, கடைத்தெருவில் தேடுகிறார்கள்.

“வடை இருக்காண்ணே?”

“காலைல வந்திருக்கணும் தம்பி. இப்ப டீ மட்டுந்தான்.”

காலை என்று டீ மாஸ்டர் சொல்வது ஏழு மணி இல்லை. விடியுமுன் நாலு, நாலரை. இப்போது அந்த ஆட்களிடம் வருவோம். கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், கம்பம், போடி வட்டாரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் வேலைக்குப் போகிறார்கள். காலையில் ஏறி, மாலையில் இறங்கிவிடுவார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. களை எடுப்பது, காய் எடுப்பது, சுமப்பது எல்லாம் அவர்கள்தான். ஏலச்செடியில் காய் தரையோரம் சரத்தில் காய்க்கும். ஒரே சரத்தில் பிஞ்சும் இருக்கும், முற்றியதும் இருக்கும். பக்குவமானதை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும் என்பதால் இந்த வேலை நாள் முழுக்கக் குனிந்தே நடக்கிறது.

ஆகவே டீக்கடை அடுப்பு ஜீப்புக்கு முன்பே எரிந்தாக வேண்டும். உளுந்த வடை, ஆமவடை, போண்டா, பணியாரம். இருட்டில் ஒரே ஒரு குழல்விளக்கு, சுற்றிலும் சுவெட்டரும் தலைத்துண்டுமாகப் பெண்கள், கையில் தூக்குச்சட்டி. சட்டிக்குள் மதியச் சோறு வீட்டிலேயே அடைத்தாயிற்று. கடையில் வாங்குவது பிள்ளைக்கு நாலு பணியாரம், தனக்கு ஒரு டீ, இரண்டு வடை. வடையை டீயில் தொட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. நான் செய்து பார்த்தேன், டீக்கு நல்லதில்லை, வடைக்கு நல்லது.

இந்த நேரத்து வடைக்கு ஒரு தனிக்குணம் இருக்கிறது. மாவு அப்போதுதான் ஆட்டியது, எண்ணெய் அன்றைக்குப் புதிது, நிற்கிறவர்களுக்கு நேரமில்லாததால் சட்டியிலிருந்து நேராகக் கைக்கு வருகிறது. தட்டில் கிடந்து ஆறுவதற்கு ஒரு வடைக்கும் வாய்ப்பில்லை. நகரத்துக் கடையில் எவ்வளவு காசு கொடுத்தாலும் இது கிடைக்காது. நமக்காக அங்கே யாரும் அவசரப்படுவதில்லை.

“எங்கக்கா வேலை?”

“மேல. எஸ்டேட்டுக்கு.” எந்த எஸ்டேட் என்று சொல்வதற்குள் ஜீப் ஆரன் அடித்துவிட்டது.

அந்த ஜீப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆளை ஏற்றிக்கொண்டு வளைவில் விரைகிற வண்டிகள் அவை. கவிழ்ந்து உயிர்போன செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு சில நாள் சோதனை நடக்கும், அப்புறம் பழையபடிதான். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் மலையடிவாரம் வரைக்கும்தான் அவர்களுக்குத் துணை. தோட்டம் இருப்பது அடுத்த மாநிலத்தில். இவ்வளவு பேர் தினமும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் திரும்பும் ஒரு வழித்தடத்துக்கு, இரண்டு மாநிலமும் உட்கார்ந்து பேசி ஒழுங்கான பஸ் விட முடியாது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஜீப்புகள் போன பிறகு ஊர் கொஞ்சம் கண்ணயர்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ், பிறகு தோப்பு வேலைக்காரர்கள். வெயில் ஏறும்போது கம்பங்கூழும் கேப்பைக்கூழும், கடித்துக்கொள்ள மோர்மிளகாய், சின்ன வெங்காயம். மதியத்தில் கோம்பையின் நல்ல சாப்பாடு வீடுகளில் இருக்கிறது. தை மாதம் போனால் பச்சை மொச்சை சமயம். மொச்சையும் கத்திரிக்காயும் கருவாடும் போட்டு வைத்த புளிக்குழம்பை, கேப்பைக் களியில் குழி பறித்து ஊற்றிச் சாப்பிட வேண்டும். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும். மென்று கொண்டிருந்தால் வெளியூர் என்று தெரிந்துவிடும்.

களி மானாவாரியின் சாப்பாடு. தென்னந்தோப்பும் வயலும் வாழையும் அணைத் தண்ணீரின் சாப்பாடு. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895-ல். ஆனாலும் பள்ளத்தாக்கின் நடுவில் ஓடும் முல்லையாற்றுத் தண்ணீர், மேடான மலையடிவார ஊர்களுக்குத் தானாக ஏறிவிடாது. லோயர்கேம்பில் பிரிந்து மலையோரமாகவே வரும் 18-ம் கால்வாய், உத்தமபாளையம், போடி வட்டங்களின் குளங்களை நிரப்புவதற்காக வெட்டியது. பஸ் கால்வாயைத் தாண்டும்போது கவனியுங்கள். அதில் தண்ணீர் ஓடுகிற மாதத்துக்கும் ஓடாத மாதத்துக்கும் ஊர்ப்பேச்சே வேறு.

சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்குகின்றன. அதற்குச் சற்று முன்னால் புரோட்டாக் கல் சூடாகிறது. வேலை முடித்து வருகிறவர்கள் சமைக்கும் தெம்பில்லாமல் பார்சல் வாங்கிப் போவார்கள். சால்னா கொதித்து அடங்கியிருக்கும் அந்த முதல் ஒரு மணி நேரம்தான் சாப்பிட ஏற்றது. இரவு ஒன்பதுக்கு மேல் அதே சால்னாவில் தண்ணீரின் பங்கு கூடிவிடும். எந்த ஊர் புரோட்டாக் கடைக்கும் இது பொருந்தும் என்றாலும், இங்கே அந்த முதல் ஒரு மணி நேரம் தவறுவதே இல்லை.

கோம்பையிலிருந்து வடக்கே போகும் பஸ் பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடிநாயக்கனூர் போகிறது. பண்ணைப்புரம் இளையராஜா 1943-ல் பிறந்த ஊர். ரசிகர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏல மையம் இருக்கிறது. காலையில் ஜீப் ஏறிப்போன கைகள் பறித்த காய், உலர்ந்து, சலித்து, பருமன் வாரியாகப் பிரிந்து இங்கே கணினித் திரையில் விலை பேசப்படுகிறது. மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் வந்த ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010-ல் நின்று, 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. சென்னைக்காரர்கள் வாரத்தில் மூன்று நாள் நேரே போடியில் வந்து இறங்கலாம்.

தெற்கே போகிறவர்களுக்குக் கம்பமும் கூடலூரும். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் பன்னீர் திராட்சை பஸ் ஜன்னலிலிருந்தே தெரியும். மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த ஐரோப்பிய ரகம் இத்தாலியிலும் விளைகிறது. அங்கே குளிர்காலத்தில் கொடி உறங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து ஆண்டு முழுக்கக் காய் எடுக்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதையோடு இருப்பதால் நகரத்தில் இதை ஒரு படி கீழாகப் பார்க்கிறார்கள். விதையில்லாத பச்சைத் திராட்சையில் வெறும் இனிப்புதான் இருக்கிறது. இதில் வாசனையும் புளிப்பும் சேர்ந்து வருகின்றன. நான் பன்னீர் கட்சி. சாலையோரம் வாங்கினால் ஒன்றைப் பிதுக்கித் தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள், தோல் கழன்று உள்சதை தனியே வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

கோம்பைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முந்தின இரவே உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ தங்கிவிடுங்கள். ஜீப் நேரத்துக்கு முன் போய்ச் சேர முதல் பஸ்ஸை நம்ப முடியாது, அந்த ஒரு நடைக்கு மட்டும் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். கடையில் முதலில் அந்தப் பெண்களுக்குக் கொடுக்கட்டும், நமக்கு எங்கேயும் அவசரமில்லை. சில்லறையாகக் காசு வைத்துக்கொள்ளுங்கள். பகல் மூன்று மணிக்குப் போய் நின்றுவிட்டு, கோம்பையில் சாப்பிட ஒன்றும் இல்லை என்று மட்டும் ஊரில் வந்து சொல்லாதீர்கள்.

(அடுத்த வாரம்: கம்பம்மெட்டு ஏறி, கட்டன் சாயா)